சுருக்கத்தை மட்டும் படித்தவர்கள்

நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மதியம் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு கண்ணில் பட்டது. சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வடிகட்டி ஒன்று, கிணற்றுத் தண்ணீரிலிருந்து ப்ளோரைடைப் பெருமளவு நீக்கிவிடுகிறது என்றது அது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்த கிராமத்தில் எல்லோருக்கும் பல் பழுப்பு. எனக்கும்தான். எங்கள் வீட்டுப் புகைப்படங்களில் ஒருவர்கூட வாய் திறந்து சிரித்திருக்க மாட்டார். வெளியூர்க்காரர்கள் அதை எங்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள், நாங்களும் மறுக்கவில்லை. வயதானால் முதுகெலும்பு இறுகிவிடும். என் பெரியப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, லாரி திரும்புவதுபோல ஆள் மொத்தமாகத் திரும்புவார். இதற்கெல்லாம் காரணம் சாபமும் இல்லை, வெற்றிலையும் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் ப்ளோரைடு என்பதை நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிரும், நிமிரட்டும்.

கட்டுரையைத் திறந்தால் பத்து வரிச் சுருக்கம் மட்டும் இருந்தது. அதன் கீழே சின்னதாக ஒரு பூட்டுப் படம். உள்ளே போகவேண்டுமானால் பணம் கட்டச் சொன்னது. ஒரே ஒரு கட்டுரைக்கு அவர்கள் கேட்டது என் அறை வாடகையைவிட அதிகம். பட்டம் வாங்கிவிட்டால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும் என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதவைப் பற்றித் தெரியாது.

சுருக்கத்தின் அடியில் எழுதியவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று ஒரு வேண்டுகோள் எழுதினேன். நான்கு வரியைப் பலமுறை அழித்து அழித்து எழுதினேன். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் பதில் வந்து காத்திருந்தது. முழுக் கட்டுரையும் இணைப்பில் இருந்தது. கூடவே, புரியாத இடம் இருந்தால் அது உங்கள் தவறல்ல, என் எழுத்தின் தவறு, எந்த இடம் என்று எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு. நான் அதைப் பலமுறை படித்தேன். அதுவரை எந்த வாத்தியாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பதிலை எழுதியவர் பேருந்தில் பாதி நாள் தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இன்னொரு தடவை மேடம்’. யார் எந்த அளவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாலும், தலையைக்கூட நிமிர்த்தாமல், “நல்லா இருக்கு. இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க” என்பாராம். அதற்குப் பிறகும் அதே எண் வந்தால்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆளைப் பார்ப்பார்.

பிறகு நான் அவர் வீட்டுக்குப் போய்வரும் அளவுக்குப் பழகினேன். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. மேடத்தின் அப்பா பேருந்துப் பணிமனையில் சக்கரம் மாற்றுகிறவர். கணவர் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மேடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், நூலகத்திலிருந்து தடித்தடியான ஆய்விதழ்களை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்து அந்தக் கடையில்தான் நகல் எடுப்பார். கடைக்காரர் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் கவிழ்க்கும்போது படித்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுல கதை எப்பங்க ஆரம்பிக்கும்?” என்று கேட்பாராம். “அவங்க சிரிச்சாங்க. எனக்கு ஆரம்பிச்சிடுச்சு” என்று அவர் என்னிடம் சொன்னபோது, மேடம் அடுப்படியிலிருந்து, “எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்லுவீங்க” என்றார்.

அந்தத் தடித்த இதழ்கள் இப்போது நூலகத்துக்கு வருவதில்லை. எல்லாம் இணையத்துக்குப் போயின. சந்தா வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. ஒரு வருடம் கல்லூரி கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து மேடத்தால் தன் செங்கல் கட்டுரையையே கல்லூரிக் கணினியில் திறக்க முடியவில்லை. எழுதியவர் அவர். அச்சுக்கு முன் அதைச் சரிபார்த்த வெளிநாட்டு வல்லுநர்கள் பைசா வாங்கவில்லை. அச்சிட்ட பதிப்பகம் உரிமையைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்டது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படியும் வெளியிடலாம். ஆனால் அதற்கு எழுதுகிறவர் கட்டவேண்டிய தொகை மேடத்தின் பல மாதச் சம்பளம்.

“நம்ம வீட்டுச் சோத்த நாமளே தின்ன டிக்கெட் வாங்கணும் தம்பி, அதான் இவங்க பொழப்பு” என்பார் கணவர்.

இன்னொரு பக்கம் காசு கொடுத்தால் எதையும் போட்டுவிடுகிற போலி இதழ்கள். அவற்றிலிருந்து மேடத்துக்குத் தினமும் அழைப்பு வரும். ‘தங்களின் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம், எங்கள் இதழுக்கு இருதய அறுவை சிகிச்சை பற்றி எழுதித் தர வேண்டும்’ என்று ஒன்று வந்திருந்தது. கணவர் அதை நகல் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

இந்த நெருக்கடிக்கு மேடம் கண்டுபிடித்த ஒரே வழி, கேட்டவருக்கெல்லாம் அனுப்புவது. மருத்துவர், கிராமப் பள்ளி ஆசிரியர், எந்த நாடென்றே தெரியாத மாணவர், யார் கேட்டாலும் அன்றே போய்விடும். கேட்டவர்களில் ஒரு தொண்டு நிறுவனமும் இருந்தது. அவர்கள் அந்தக் கட்டுரையை வைத்துப் பல பள்ளிக்கூடங்களில் செங்கல் வடிகட்டிகளைக் கட்டினார்கள். உலகம் முழுவதும் வேறு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மேடத்தின் பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்பு பல வருடம் தூங்கி எழுந்து, கடைசியில் அந்த ஒரு கட்டுரையின் பலத்தில்தான் நேர்காணல் வரைக்கும் வந்திருந்தது. அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவியின் பெயர் கட்டுரையில் இரண்டாவதாக இருந்தது. அந்தப் பெண்ணின் பட்டமும் அதையே நம்பி நின்றது.

இதெல்லாம் எனக்குத் தெரியாத காலத்தில், நான் கட்டுரையில் சொன்னபடியே எங்கள் கிராமத்து வீட்டுக்கு ஒரு வடிகட்டி செய்தேன். செங்கல்லை உடைத்துச் சலித்து, கழுவி, பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கினேன். அம்மா தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டையே குடிக்கச் சொல்வாயா என்று கேட்டார். வடிகட்டிய தண்ணீரை எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அளந்தேன். ப்ளோரைடு குறைந்திருந்தது, ஆனால் கட்டுரை சொன்ன அளவில் பாதிகூட இல்லை. மறுபடி செய்தேன். செங்கல்லை மாற்றினேன். அதே கதைதான்.

என் கைதான் சரியில்லை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பெரிய படிப்பாளி, நான் நேற்று வந்தவன். எங்கே தவறினேன் என்று சொல்லமுடியுமா என்று தயங்கித் தயங்கி எழுதினேன். மேடம் தொலைபேசியில் அழைத்தார். என்ன செங்கல், எந்தச் சூளை, தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது.

“சனிக்கிழமை லேப் திறந்திருக்குமா தம்பி? நான் வரேன்.”

எதற்கு மேடம் சிரமம், நான் வேறு செங்கல் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். “செங்கல்ல தப்பு ஒண்ணும் இல்ல” என்றார்.

சனிக்கிழமை பேருந்திலிருந்து இறங்கியவரைப் பார்த்து எங்கள் கண்காணிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல நாற்காலியைத் தேடி மாடிக்கு ஓடினார். மேடம் அதற்குள் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தன் கல்லூரி வடிகட்டியின் தண்ணீர் ஒரு பாட்டில். துண்டில் சுற்றிய மின்முனை, தண்ணீரில் முக்கி ப்ளோரைடை அளக்கிற கருவி. தாங்கள் பயன்படுத்தும் பஃபர் கரைசல் ஒரு சின்ன பாட்டில். அளப்பதற்கு முன்னால் தண்ணீரோடு கலக்கிற கரைசல் அது. அதைக் கலந்தால்தான் மின்முனை ப்ளோரைடைச் சரியாக எண்ணும்.

முதலில் தன் தண்ணீரை எங்கள் கரைசலோடு கலந்து அளந்தார். எண் அதிகமாக வந்தது. என் தண்ணீர் வந்ததுபோலவே. அதே தண்ணீரைத் தன் கரைசலோடு கலந்து அளந்தார். கட்டுரையில் இருந்த அழகான, குறைவான எண் வந்தது. ஒரே பாட்டில் தண்ணீர், இரண்டு எண்கள்.

எங்கள் கரைசல் பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். “இது நீங்க செஞ்சதா, வாங்கினதா?”

“வாங்கினது மேடம். எங்களுக்குச் செய்யத் தெரியாது.”

“ம். எங்களுக்குச் செய்யத் தெரியும்” என்றார். பிறகு பீக்கர்களைக் கழுவி, “இன்னொரு தடவை” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

விஷயம் இதுதான். செங்கல் என்பது களிமண். களிமண்ணில் அலுமினியம் உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கி ப்ளோரைடைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கட்டிப்பிடித்த ப்ளோரைடு மின்முனையின் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை விட்டு எங்கேயும் போகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் பிடி தளர்ந்து வெளியே வந்துவிடும். கடையில் விற்கும் புதுவகைக் கரைசல் அந்தப் பிடியைப் பிரித்துவிட்டு எண்ணுகிறது. கல்லூரியில் பழைய முறைப்படி செய்த கரைசலுக்கு அந்த வலு இல்லை. வடிகட்டி ப்ளோரைடில் ஒரு பகுதியை நீக்கியது, இன்னொரு பகுதியை மறைத்தது. மறைந்ததையும் நீங்கியதாக எண்ணிவிட்டார்கள்.

மறுபடியும் அதே எண்கள் வந்தன. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உங்க அளவு சரி தம்பி. என் கட்டுரைதான் தப்பு.”

மழை வருகிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் கண்காணிப்பாளர் மெத்தை வைத்த நாற்காலியோடு உள்ளே வந்தார். என் கிராமத்தில் கிணற்றின் எல்லைக் கல்லை ஒரு சாண் தள்ளி நட்டதை ஒத்துக்கொள்ள மூன்று தலைமுறையாக மறுக்கிற குடும்பங்கள் உண்டு. கல்லூரியிலோ, கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை உங்களைச் சோதிக்கத்தான் போட்டேன் என்று சொன்ன ஆசிரியர்களைத்தான் பார்த்திருந்தேன். இந்த அம்மாள், தான் தப்பா என்று பார்ப்பதற்காகப் பேருந்து ஏறி வந்திருந்தார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து இன்னொரு தொலைபேசி. இந்தமுறை குரல் மெலிந்திருந்தது. கட்டுரையின் முடிவில், எந்தெந்த ஆய்வுகளை ஆதாரமாகக் கொண்டோம் என்று ஒரு மேற்கோள் பட்டியல் இருக்கும் அல்லவா, அதில் கரைசல்களை ஒப்பிட்ட ஒரு பழைய கட்டுரையும் இருந்தது. எந்தக் கரைசலானாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதற்கு அதைத்தான் மேடம் சாட்சிக்கு அழைத்திருந்தார். ஆனால் அந்தக் கட்டுரையை அவர் படித்ததே இல்லை. அதுவும் பூட்டிக் கிடந்தது. வெளியே தெரிந்த சுருக்கத்தில் ‘சாதாரணத் தண்ணீரில் வித்தியாசம் இல்லை’ என்று இருந்தது. அதை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டியிருந்தார். அவருடைய துறையில் எல்லோரும் செய்வதுதான். படிக்க முடியாததற்கு வேறு என்ன செய்வது?

இப்போது அதை எழுதியவருக்கே மேடம் எழுதிக் கேட்டார். அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பதில் வந்தது. கட்டுரையின் பக்கங்களைக் கொஞ்சம் கோணலாகப் படம் எடுத்து அனுப்பி, பல வருடங்களில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தார். நடுப்பக்கத்தில் ஒரு பத்தி: களிமண் பட்ட தண்ணீரை இந்தப் பழைய கரைசலை நம்பி அளக்கக் கூடாது.

“நான் அப்பவே கேட்டிருந்தா அனுப்பியிருப்பாரு தம்பி” என்றார் மேடம். “ஊர்ல யார் கேட்டாலும் அனுப்புற எனக்கு, நாமும் ஒருத்தர்கிட்ட கேக்கலாம்னு தோணல பாருங்க.”

தவறு என்று இதழிலேயே அறிவித்துக் கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக அவர் அன்றே சொல்லிவிட்டார். அதில் அவருக்கு மறுயோசனை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு இருந்தது. துறைத்தலைவர் கெட்டவர் அல்ல. மேடத்தின் கோப்பை மேலே தள்ளியவரே அவர்தான். நேர்காணல் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். பொறுக்க முடியாது, பிள்ளைகள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றதும், சரி, கருவிப் பிழை என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுங்கள், யாருக்கும் அப்படி நேரலாம் என்றார். மேடம் அறிவிப்புக்காக எழுதி வைத்திருந்த வாசகத்தைக் காட்டினார். கரைசலைப் பற்றிய கட்டுரையை முழுதாகப் படிக்காமல், சுருக்கத்தை மட்டும் பார்த்து மேற்கோள் காட்டினேன் என்று அதில் இருந்தது. துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, கையில் சூடு பட்டவர்போலக் காகிதத்தைக் கீழே வைத்தாராம். இது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ராஜினாமா, கருவிப் பிழையை மன்னிப்பார்கள், படிக்காமல் எழுதினேன் என்றால் நாளைக்கு எந்த மேடையிலும் ஏற்றமாட்டார்கள் என்றார்.

அவர் சொன்னது உண்மையும்கூட.

ஆராய்ச்சி மாணவி அழுதார். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. பட்டம் எப்போது, பட்டம் எப்போது என்று மாமியார் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அளக்கச் சொன்ன முறை முழுக்க என்னுடையது என்று எழுதுகிறேன், உன் மேல் பழி வராது, ஆனால் பட்டம் தள்ளிப்போவதை என்னால் தடுக்க முடியாது என்று மேடம் சொன்னார். அந்தப் பெண், “பழி வராட்டி என்ன மேடம், பட்டமும் வராதே” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் நான் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். புதுக் கரைசலில் அளந்த எண்களை மேடத்திடம் கொடுக்க வந்திருந்தேன். கணவர் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் சாய்ந்து, உதடு அசையப் படித்தார்.

“‘பேராசிரியரின் கணவர் கடை’ன்னு போர்டு மாத்தலாம்னு இருந்தேன். நல்லவேளை, பெயின்டர்கிட்ட சொல்லல.” பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார். “இந்த வரி வேணுமா?”

“அந்த வரிதாங்க வேணும்” என்றார் மேடம். “அளவு தப்புன்னு மட்டும் எழுதினா எல்லாரும் என்னைப் பாப்பாங்க. படிக்காம எழுதினேன்னு எழுதினா, அவங்கவங்க எழுதினதைப் போய்ப் பாப்பாங்க.”

கணவர், எத்தனை காப்பி வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பதிப்பகம் அவசரப்படவில்லை. காரணம் கேட்டார்கள், படிவம் அனுப்பினார்கள், குழு கூடட்டும் என்றார்கள். மாதங்கள் போயின. மேடம் மாதாமாதம் நினைவூட்டினார். இப்படித் தன் கட்டுரையை வெளியேற்றச் சொல்லிக் கெஞ்சியவரை அவர்களும் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவழியாகத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானது. மேடம் எனக்கு இணைப்பை அனுப்பினார். நான் திறந்தேன்.

அதற்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

கட்டுரை தவறு என்று சொல்லும் அந்த அரைப்பக்கத்தைப் படிக்கப் பணம் கட்டவேண்டும். ஆனால் கட்டுரையின் பழைய சுருக்கமோ, செங்கல் வடிகட்டி பெருமளவு நீக்குகிறது என்று சொல்லிக்கொண்டு, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிலேயே நின்றது. பக்கத்தின் ஓரத்தில் கூர்ந்து பார்த்தால் தெரியும்படி ஒரு சின்னக் குறி இருந்தது, அவ்வளவுதான். மேடத்தைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “சரி, நாம கையால கொண்டுபோய்க் கொடுப்போம்” என்றார்.

அதன் பொருள் எனக்கு அடுத்த நாட்களில்தான் புரிந்தது. கட்டுரையைக் கேட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் மேடம் தனித்தனியாக எழுதத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை மொத்தமாக அனுப்பிவிடலாமே என்றேன். அதை யாரும் திறக்க மாட்டார்கள் என்றார். மருத்துவர் எதற்குக் கேட்டார், ஆசிரியர் எதற்குக் கேட்டார் என்று பழைய கடிதத்தைப் படித்துப் பார்த்து, அவரவர் வேலைக்கு இந்தத் தவறு எப்படித் தொடர்பு என்று எழுதினார். முடிந்ததும், கட்டுரையை மேற்கோள் காட்டிய ஆய்வாளர்களைத் தேடிப் பிடித்து, படிக்காமல் மேற்கோள் காட்டினேன் என்ற அந்த வரியோடு எழுதினார். தினமும் வகுப்பு முடிந்து, கணவர் கடையின் பின்னறையில் ஒரு மணிநேரம் இதுதான் வேலை. அச்சில் நல்ல பெயர் வாங்குவதற்காக ஊர் ஊராக எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். இருந்த நல்ல பெயரைக் கழற்றி ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்துவிட்டு வந்த ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

வடிகட்டி வைத்த பள்ளிகளுக்கு, பதிப்பகத்துக்கு எழுதிய வாரத்திலேயே, தொண்டு நிறுவனம் சொல்வதற்கு முன்னால், அவரே போகத் தொடங்கியிருந்தார். ஒரு பள்ளிக்கு நானும் போயிருந்தேன். மதிய இடைவேளை. பிள்ளைகள் குழாயடியில் ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை எங்களை வராந்தாவிலேயே நிறுத்தி வைத்து விவரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

“இத்தனை நாள் குடிக்க வெச்சுட்டு இப்ப வந்து சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“படிச்சவங்கதானே நீங்க?”

“ஆமாங்க.”

நான் குறுக்கே புகுந்து, இவர்தான் தானாகவே கண்டுபிடித்தார், இவர் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலேயே கையை லேசாக அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். தலைமையாசிரியை பேசி முடிக்கும் வரைக்கும் மேடம் நின்றார். பிறகு, மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். பழைய தொட்டி ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதைப் போய்ப் பார்த்தார். எந்தச் சாந்து வைத்துப் பூசவேண்டும், முதல் மழைத் தண்ணீரை எவ்வளவு வெளியே விடவேண்டும் என்று சொன்னார். அந்தப் பள்ளியின் தண்ணீர் அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் கூடத்துக்கு வருகிறது. எங்கள் கண்காணிப்பாளரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

மேடத்துக்கு வந்த பதில்கள் பலவிதம். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், உங்களை நம்பியதால் என் மானமும் போனது என்று எழுதினார். ஒரு மருத்துவர் நன்றி என்று ஒரே சொல்லில் முடித்தார். ஆனால் சிலரிடமிருந்து வந்த கடிதங்களை மேடம் எனக்கு வாசித்துக் காட்டினார். வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள். உங்கள் வரியைப் படித்தபின் என் மேற்கோள் பட்டியலை எடுத்துவைத்து, இதில் எதையெல்லாம் நான் உண்மையில் படித்தேன் என்று பார்த்தேன் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் படிக்காமல் காட்டியவற்றை வரிசையாக எழுதி, அந்தந்த ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவர் தன் கட்டுரை ஒன்றில் திருத்தம் போட்டுவிட்டே எழுதியிருந்தார். நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையிலிருந்து, பெரிய பதவி இல்லாத ஒரு பெண்மணி எழுதிய ஒற்றை வரி, எங்கெங்கோ இருக்கும் பெரிய பெரிய அறைகளுக்குள் போய் ஆட்களைத் தங்கள் அலமாரி முன்னால் நிறுத்தியிருந்தது. அறிவியல் என்றால் கண்டுபிடிப்பு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

நேர்காணல் நடக்கவில்லை. கோப்பு திரும்பி வந்தது. துறைத்தலைவர் அதை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாணவி வேறு ஆய்வை எடுத்து, தாமதமாகப் பட்டம் வாங்கினார். இன்றுவரை அவர் மேடத்தோடு முன்போலப் பேசுவதில்லை. அதைக் குறையாக மேடம் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

செங்கல் வடிகட்டியைச் சரியான கரைசலில் மறுபடி அளந்து, அது உண்மையில் எவ்வளவு நீக்குகிறது, எவ்வளவு மறைக்கிறது என்று மேடம் இன்னொரு கட்டுரை எழுதினார். பெரிய இதழ்கள் எதுவும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பலிக்காத விஷயத்தைப் போட அவர்களுக்கு விருப்பமில்லை. யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் திறக்கக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியத்தில் எல்லா அளவுகளோடும் அதைப் போட்டுவிட்டார்.

மேடம் இப்போதும் அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவே இருக்கிறார். முதலாண்டு மாணவர்களுக்குக் காலை வகுப்பும் தரைத்தளத்து ஆய்வகமும் அவர் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. எதையாவது மேற்கோள் காட்ட வேண்டுமென்றால், முழுக் கட்டுரையையும் எழுதியவரிடமே கேட்டு வாங்கி, கணவர் கடையில் நகல் எடுத்து, படித்து முடித்த பிறகுதான் காட்டுகிறார். அதனால் அவர் இப்போது எழுதுவது மிகக் குறைவு.